விற்ற வீட்டைக் காலி செய்யும்போது எதையெல்லாம் விட்டுவைப்பது?

கேள்வி:
வீட்டை விற்றாச்சு, அடுத்த வாரம் சாவி கைமாறுகிறது. பெருக்கித் துடைத்துவிட்டுப் போனால் போதுமா? சுவரெல்லாம் ஆணி. பரணில் மிச்ச பெயிண்ட் டப்பாக்கள் வேறு. என் கணவர் "எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்கிறார்.

பதில் 1:
ஐயோ, பெயிண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டப்பாவில் நிற எண் இருக்கும். எந்த அறைக்கு அடித்தது என்று எழுதி ஒட்டுங்கள். கெட்டியாகிப் போனதைக் கழித்துவிடலாம், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு. அதைவிட முக்கியம், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வைக் காட்டிக்கொடுப்பது. நடுராத்திரி குழாய் உடைந்தால் புது ஆள் எங்கே போய்த் தேடுவார்? மின்பெட்டியில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்றும் எழுதிவிடுங்கள்.

பதில் 2:
எதையும் கழற்றுமுன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி எல்லாம் விலையில் சேர்ந்ததா என்று அதில்தான் தெரியும். சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் பில் தகராறு வராது.

கேள்வி கேட்டவர்:
சரி, டப்பாக்கள் பிழைத்தன. வாட்டர் ஹீட்டர் உத்தரவாத அட்டை?

பதில் 1:
பில்லோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு, பரண் சாவி உட்பட எல்லாச் சாவியோடும் கையில் கொடுங்கள்.