பீன்ஸ் இலையில் வெண்கலப் புள்ளி: ஓசோனா, சிலந்திப்பேனா?

கேள்வி:
ஓசூர் பக்கம், சொட்டுநீரில் பீன்ஸ், பூக்கும் பருவம். முதிர்ந்த இலைகளின் மேல்புறம் பொடிப்பொடியாக வெண்கல நிறப் புள்ளிகள். நரம்புகள் மட்டும் பச்சை. பெங்களூரு வாகனப் புகையா? தண்ணீரைக் கூட்டலாமா?

பதில் 1:
முதலில் இலையைத் திருப்பி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நூலாம்படையும் நகரும் பூச்சியும் இருந்தால் சிலந்திப்பேன். விரலால் தேய்த்துப் பழுப்புத் தூள் ஒட்டினால் துரு நோய். இரண்டும் இல்லை, வெயில் படும் இலையில்தான் புள்ளி, மேலிலை மறைத்த இடம் சுத்தம் என்றால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். வாகனப் புகை வெயிலில் வினைபுரிந்து தரைமட்டக் காற்றில் உருவாகும் வாயு அது.

பதில் 2:
சாலையோரத்தில்தான் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். புதுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடும். காற்று போகும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளி, வெயிலில் வினை நடந்து பிற்பகலில்தான் ஓசோன் உச்சம்.

தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஓசோன் இலைத்துளை வழியாகத்தான் நுழையும். நீர் தாராளமாகக் கிடைக்கும் செடியில் துளை திறந்திருக்கும், அதிகம் உள்ளே போகும். அதற்காக வாடவிட்டால் பூ கொட்டும், அந்த நஷ்டம் இதைவிடப் பெரிது. அடிபட்ட துளைகள் மூடுவதிலும் மந்தம் காட்டும். வறட்சியில் நீரை வீணாக இழக்கும். வழக்கமான அளவே போதும்.

பதில் 3:
இதற்கு மருந்து தெளிக்கச் சொன்னால் வாங்காதீர்கள். ஓசோன் பாதிப்பைக் குறைக்கும் எத்திலீன்டையூரியா என்ற வேதிப்பொருள் ஆய்வு வயல்களில் பயன்படுவது. உறுதிசெய்ய ஆய்வாளர்கள் எஸ்156, ஆர்123 என்ற பீன்ஸ் ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நடுவார்கள்: முன்னது ஓசோனுக்குச் சீக்கிரம் அடிபடும், பின்னது தாங்கும்.