காலையில் டிக் டிக் சத்தம், காருக்குள் புகை மணம்: ரப்பெற்றா, கஸ்கெற்றா?

விசுவமடு வாசி:
வணக்கம். என்னுடையது கொரோலா 110, பெற்றோல். மாரி தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம். தருமபுரம் தாண்டுவதற்குள் முக்கால்வாசி அடங்கிவிடும். பெற்றோலும் முன்னரைவிடக் கூடக் குடிக்கிறது. ஒரு கராச்சில் ரப்பெற் (வால்வைத் தள்ளும் பாகம்) சரிபார்த்துக் காசு வாங்கினார்கள், சத்தம் போகவில்லை. போன கிழமை மகளை கிளிநொச்சிக்கு ரியூசனுக்குக் கூட்டிப்போனேன். மழைக்குக் கண்ணாடியைப் பூட்டியிருந்தோம், உள்ளே புகை மணந்தது. இறங்கும்போது தலையிடிக்கிறது என்றாள். கஸ்கெற் (பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்குமா? நானே மாற்றலாமா?

மாங்குளம் பாஸ்:
தம்பி, பிள்ளையை அந்தக் காரில் இனி ஏற்றாதீர்கள். எஞ்சின் புகையில் இருக்கும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. உங்களுக்கு மணப்பது அதோடு வரும் மற்றப் புகை. கண்ணாடியைத் திறந்தால் போதும் என்று விட்டுவிடவும் கூடாது.

குளிரில் சத்தம் வந்து சூட்டில் அடங்குவது, எஞ்சின் புகையை வெளியே எடுத்துச் செல்லும் மனிபோல்ட்டின் கஸ்கெற் போனதன் குணம். இரும்பு சூடேறி விரிய இடைவெளி மூடிக்கொள்ளும். ஆனால் சில ரப்பெற் சத்தமும் காலையில்தான் கேட்கும், ஆகவே காதை மட்டும் நம்பாதீர்கள். மனிபோல்ட் ஹெட்டோடு (எஞ்சினின் மேற்பகுதி) சேரும் இடத்தில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கரிக்கோடு இருந்தால் அங்கேதான் ஒழுக்கு. எஞ்சின் ஆறியிருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் பண்ணினால் நுரை கிளம்பும். பெற்றோல் குடிப்பதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். அந்த இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே போக, புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர் எரிபொருள் குறைவு என்று நினைத்துக் கூட ஊற்ற வைக்கும்.

நீங்களே மாற்றலாம், பொறுமை வேண்டும். கஸ்கெற் பெரிய செலவில்லை. துருப்பிடித்த ஸ்ரட் (நட் பூட்டும் திருகாணி) அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்தால்தான் செலவு. முதல்நாள் பின்னேரமே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் ஆறிய எஞ்சினில், பற்றரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நட் இறுகி நின்றால் பலம் போடாமல் கொஞ்சம் முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு ஆட்டி எடுங்கள். பழைய கஸ்கெற்றைச் சுரண்டித் துடைத்து, மனிபோல்ட் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும், புதுக் கஸ்கெற்றும் நிற்காது. சிலிக்கன் பூசாதீர்கள், கருகிப்போகும். நடு நட்டிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

ஒட்டுசுட்டான் அண்ணன்:
பாஸ் சொன்னதோடு இன்னொன்று. முன் குழாய் மனிபோல்ட்டோடு சேரும் இடத்திலும் ஒரு வளையக் கஸ்கெற் உண்டு. அதையும், எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுன்ற்றையும் பாருங்கள். எங்கள் கிரவல் வீதியில் ஓடி என் காரின் மவுன்ற் கிழிந்திருந்தது. எஞ்சின் ஆட ஆட, ஒரே வருடத்தில் அந்த வளையத்தை இரண்டு தரம் மாற்றினேன். மவுன்ற் போட்ட பிறகுதான் நின்றது.

விசுவமடு வாசி:
பார்த்தேன் பாஸ். மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே விரல் நீளத்துக்குக் கரி. இன்று பின்னேரம் எண்ணெய் விட்டிருக்கிறேன், ஞாயிறு கழற்றப்போகிறேன். மகள் பஸ்ஸில் போய் வருகிறாள்.