பொருள்: திருவருகைக்கால மூன்றாம் ஞாயிற்றின் நிறத்துக்குத் தமிழ்ப் பெயர்

ஹட்டன், மறைக்கல்வி ஆசிரியை:
அன்புடையீர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் பற்றிய கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நவம்பர் 30ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்கும் இக்காலத்தின் நிறம் ஊதா என்று எழுதியாயிற்று. மூன்றாம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறன்று மட்டும் குரு அணியக்கூடிய நிறத்தை 'இளஞ்சிவப்பு' என்பதா, 'ரோஸ்' என்பதா? சிவப்பு, விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சியரின் நிறம் என்று முந்தைய பாடத்தில் கற்பித்துவிட்டு, இங்கே அதையே வெளிறச் செய்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஆசிரியை அவர்களின் ஐயத்துக்குத் தொல்காப்பியத்திலேயே சான்று உண்டு. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள', அதாவது சினத்தைக் குறிப்பன, என்கிறது அதன் உரியியல். அவை நிறத்தையும் உணர்த்தும் என்று அடுத்த நூற்பா இடம் கொடுத்தாலும், முதற்பொருளைக் கொண்டால், 'மகிழுங்கள்' என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொல்லால் பெயர்பெற்ற ஞாயிறன்று குருவானவர் சிறுசினத்தை உடுத்துப் பீடமேறுகிறார் என்றாகிவிடும். 'ஊதா'வும் உருது வழி வந்ததே. அதைக் 'குறிஞ்சி' என்றும், மூன்றாம் ஞாயிற்று நிறத்தை 'இளங்குறிஞ்சி' என்றும் வழங்குவோம். ஹோர்ட்டன் சமவெளியில் பூக்கும் நெலு நம் குறிஞ்சியின் இனந்தானே?

பண்டாரவளை:
ஐயா, பல்லாண்டுகளுக்கு ஒருமுறை திரளாகப் பூப்பதை எத்தனை பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்? நாவற்பழத்தை எல்லோரும் தின்றிருக்கிறார்கள். 'நாவல் நிறம்' என்றால் விளக்கவே வேண்டாம்.

தலவாக்கலை, அங்கிலிக்கன் சபையினர்:
திருவருகைக்காலத்தில் ஊதாவுக்குப் பதிலாக நீலம் விரிக்கும் ஆலயங்கள் எங்கள் மரபில் உண்டு. ஆகவே எல்லாப் பெயரையும் ஊதாவின் கிளையாக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் இந்நிறத்தை முதலில் காண்பது உடையில் அன்று, ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாக ஏற்றும் திருவருகை வளையத்து மெழுகுதிரியில். 1839இல் ஹம்பர்க்கில் விஹெர்ன் என்னும் போதகர் அமைத்த முதல் வளையத்திலோ வெள்ளையும் சிவப்புமான திரிகளே இருந்தன.

நுவரெலியா, குரு:
வளையத்தின் வரலாறு கைந்நூலுக்கு வேண்டியதில்லை. ஊதா மனமாற்றத்தையும் காத்திருப்பையும் குறிக்கும். பிறப்பு விழா நெருங்கிவிட்டதால் அந்தக் கடுமை ஒருநாள் தளர்கிறது. உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தவக்காலத்து நான்காம் ஞாயிறன்றும் இதே தளர்வு, இதே நிறம். இது பிள்ளைகளுக்கு விளங்கினால் போதும். 'ரோசா நிறம்' என்றே எழுதுங்கள். 'ரோசரி' என்னும் செபமாலை சொல்லும் வீடுகளுக்கு ரோசா அந்நியமன்று.

ஹட்டன்:
நன்றி, சுவாமி. பெரும்பாலோரும் இதற்கே இசைந்து தனிமடல் அனுப்பியுள்ளதால் 'ரோசா நிறம்' என்றே அச்சிடுகிறோம். தளர்வைப் பற்றிய விளக்கம் அதே பக்கத்தில் வரும்.

கண்டி:
ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. பெரும்பான்மை இலக்கணத்தை மாற்றாது என்பதால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'உரோசா' என்று ஓர் உகரமாவது சேருங்கள். அச்சகத்தார் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.