தகரக் கூரைக்கு எந்த நிறம்? வெப்பம், மின்கட்டணம், தோற்றம்

கேள்வி: லயத்துப் பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது தாமானாகிவிட்ட (குடியிருப்புப் பகுதியாகிவிட்ட) இடத்தில் எங்கள் ஒற்றைத் தள வீடு இருக்கிறது. முப்பது ஆண்டுகளான கூரைத் தகரம் பல இடங்களில் துருப்பிடித்து ஒழுகுவதால், தீபாவளிக்கு முன் முழுவதையும் மாற்ற முடிவு செய்திருக்கிறோம். குத்தகையாளர் கருநீலம், செங்காவி, வெளிர் சாம்பல் என மூன்று மாதிரித் துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். விலையில் வேறுபாடு இல்லை.

அம்மாவுக்குச் செங்காவிதான் வேண்டும். தோட்டத்துத் துரை பங்களாவின் கூரை அந்த நிறத்தில்தான் இருந்ததாம். "ஐம்பது வருசம் அதைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கிட்டே பால் வெட்டினேன்" என்கிறார். எனக்கு வெளிர் நிறத்தில் நாட்டம். ஆனால் இரண்டு மைலில் செம்பனை ஆலை இருக்கிறது. அதன் கரி படிந்து இரண்டே ஆண்டில் கூரை அசிங்கமாகிவிடும் என்று மனைவி அஞ்சுகிறார். நிறத்தை மாற்றுவதால் வீட்டின் வெப்பமும் ஏர்கோன் செலவும் உண்மையிலேயே குறையுமா?

பதில் 1: கூரை வேலைக்காரன் (ஈப்போ)

தம்பி, குறையும். நம் நாட்டில் வீட்டைச் சுடவைப்பது சுவரை விடக் கூரைதான். சுங்கை சிப்புட்டில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10-ஐ ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. மற்ற மாதங்களிலும் அதிகம் விலகுவதில்லை. மேகமில்லாத உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் கூரையில் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட். புதிய வெள்ளைப் பூச்சு அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். சாதாரணக் கருநீலமோ செங்காவியோ 10 முதல் 30 விழுக்காடு திருப்பினாலே பெரிது. உங்கள் வெளிர் சாம்பல் இரண்டுக்கும் நடுவே, வெள்ளைப் பக்கம் சாய்ந்து நிற்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மூன்று துண்டுகளையும் வாசலில் செங்கல் மீது, அடியில் காற்றுப் போகும்படி வைத்துவிடுங்கள். மதியம் ஒன்றே கால் மணிக்குப் போய்ப் பாருங்கள். நம் கடிகாரத்தில் உண்மையான உச்சிவேளை பன்னிரண்டு அல்ல, அதுதான். மேற்புறத்தைத் தொடாமல் உள்ளங்கையை ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஓர் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். கையில் உறைக்கும் அந்தச் சூடுதான் நாளை உங்கள் சீலிங் மீது இறங்கப்போவது.

பதில் 2: ஓய்வுபெற்ற கிராணி

கூரை வேலைக்காரர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பளபளவென்று மின்னும் வெறும் தகரம் வெயிலைத் திருப்பிவிடும், ஆகவே சாயமே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். புதுத் தகரம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பினாலும், வாங்கிக்கொண்ட சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் அது மிகவும் கஞ்சத்தனமானது. சாயம் பூசிய தகரமோ, எந்த நிறமானாலும், அந்தச் சூட்டைத் தாராளமாக வானத்துக்கு விட்டுவிடும். அத்தாப்புக் கூரையின் கீழ்ப் பிறந்து, பிறகு சீலிங் இல்லாத தகர லயத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுத் தகரம் போட்ட ஆண்டில்கூட மதியச் சோற்றை வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட எங்களால் முடிந்ததில்லை.

புதுத் தகரத்தின் மேல் நேரடியாக எண்ணெய்ச் சாயத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள். தகரத்தின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் அந்தச் சாயத்தின் எண்ணெயோடு வினைபுரிந்து, இடையில் சோப்புப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிவிடும். என் வீட்டுக்கு வந்த சாயக்காரர் எத்தனை சொல்லியும் கேளாமல் அடித்தார். ஓராண்டுக்குள் கூரை பாம்புச் சட்டை போல உரிந்தது. ஆலையிலேயே நிறமேற்றி வரும் தகடாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பதில் 3: வரைபட மேசை (தைப்பிங்)

நான் கட்டட வரைபடப் பணியில் இருப்பவள். மேலே சொன்னவை சரியே. ஆனால் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்ட சகோதரரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஏர்கோனை எந்த நேரத்தில் போடுகிறீர்கள்?

பகலில் போடும் வீடாக இருந்தால் வெளிர் நிறத்தின் பயன் நேராகக் கட்டணச் சீட்டில் தெரியும். நம்மில் பெரும்பாலோர் செய்வது போல இரவு பத்து மணிக்கு மேல் படுக்கையறையில் மட்டும் போடுபவரானால், தெரியும் வேறுபாடு குறைவு. ஏனென்றால் மெல்லிய தகரம் சூரியன் சாய்ந்த சற்று நேரத்திலேயே ஆறிவிடுகிறது. இரவில் அறையைப் புழுங்கவைப்பது, பகல் முழுவதும் சூட்டைக் குடித்து வைத்திருக்கும் செங்கல் சுவரும் சிமெண்டுத் தரையும்தான். கூரை குளிர்ந்தால் அவையும் ஓரளவு குறைவாகவே குடிக்கும் என்பது உண்மை, ஆனாலும் கட்டணம் பாதியாகிவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். நிறத்தின் முதல் பலன், ஏர்கோன் இல்லாத பகல் பொழுதில் கூடத்தில் உட்கார முடிவதே.

நிறம் மட்டும் போதாது. சூடான தகரத்திலிருந்து சூடு பெரும்பாலும் கதிராகவே கீழே இறங்குகிறது. அதைத் தடுக்க அலுமினியத் தாளை விரிக்கும்போது, பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்றிடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. தகரத்தோடு ஒட்டவைத்த தாள் வெறும் உலோகமே, சூட்டை அப்படியே கடத்திவிடும். 2012-இல் திருத்தப்பட்ட சீரான கட்டடத் துணைவிதிகள், வீடு உட்பட எல்லாக் கட்டடங்களின் இலகுவான கூரைக்கும் வெப்பக் கடத்தல் அளவு (ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வாட்) 0.4-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறை இழையால் செய்த வெப்பக் காப்பு மெத்தை) மட்டும் அந்த அளவை எட்டுவது கடினம், 100 மில்லிமீட்டர் எட்டும். அவ்வளவு தடிமனாகப் போட்டுவிட்டால் கூரையின் நிறம் உள்ளே பெரிதாகத் தெரியாது. அம்மா செங்காவியையே கேட்கலாம். ராக்வூலுக்குப் பணம் இல்லையென்றால் வெளிர் நிறம்தான் மலிவான காப்பு.

ஆலைக் கரியைப் பற்றி மனைவி அஞ்சுவது நியாயம். வெண்மையான கூரை கரியும் பாசியும் படிந்து சில ஆண்டுகளில் தன் திறனில் ஒரு பங்கை இழந்துவிடும். தூய வெள்ளையை விட வெளிர் சாம்பல் அந்தக் கறையை மறைக்கும், பக்கத்து மாடி வீட்டுக்காரர் கண்ணும் கூசாது. செங்காவியே வேண்டுமென்றால், வெயிலின் ஏறத்தாழ பாதியாக இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பும் நிறமிகள் சேர்த்த தகடுகளும் உண்டு. பார்வைக்கு அதே செங்காவிதான், ஆனால் சூடு குறைவு, வெள்ளைக்கு ஈடாகாது. தகடு விற்பவரிடம் சூரிய எதிரொளிப்புக் குறியீடு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அளவுகோலில் கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள்.

லயத்துப் பிள்ளை

மூவருக்கும் நன்றி. நேற்று வாசலில் துண்டுகளை வைத்துப் பார்த்தோம். கருநீலத்தின் அடியில் கையைச் சில நொடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை. செங்காவி அதற்குச் சற்றுத் தேவலை. சாம்பலின் அடியில் மனைவி பேசிக்கொண்டே கையை வைத்திருந்தார். அம்மாவையும் வைக்கச் சொன்னோம். வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சாம்பலைப் போடுங்கள், நான் உட்காரும் முன்பக்க அஞ்சடிக்கு (வராந்தாவுக்கு) மட்டும் செங்காவி போடுங்கள் என்கிறார். இன்னொன்று: பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் சில இருக்கின்றன. அவற்றையும் தேய்த்துக் கழுவி வெளிர் நிறம் அடிக்கலாமா?

கூரை வேலைக்காரன்

தேய்க்கவே கூடாது தம்பி. தண்ணீர்ப் பீய்ச்சியும் வேண்டாம். உடைந்தாலும் உரசினாலும் அதன் நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். அந்த வேலை தெரிந்தவர்களை அழைத்து, நனைத்து, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள்.

வரைபட மேசை

அஞ்சடிக்குச் சீலிங் இருக்காது. வெயில் வாங்கிய தகரம் நேராக அம்மாவின் தலை மேல்தான் கதிர் வீசும். வீட்டிலேயே அடர் நிறம் ஆகாத இடம் அதுதான். கார் நிறுத்துமிடத்தின் கூரைக்கும் விளிம்புப் பலகைக்கும் செங்காவி கொடுத்துப் பாருங்கள்.

லயத்துப் பிள்ளை

சொன்னேன். காருக்குத் துரை வீட்டுக் கூரையா என்று சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.