மகா ஓயா தாண்டி இரவில் வந்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்கலடிப் பொடியன்:

மலைநாட்டிலிருந்து இரவில் பைக்கில் மட்டக்களப்புக்கு இறங்கியவர்கள் இங்கே கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்கிறேன்.

தை மாதம். வெலிமடைப் பக்கம் கூட்டாளி ஒருவனின் கல்யாண வீடு. விடிந்தால் எனக்கும் மச்சானுக்கும் வேலை, அதனால் இரவுச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டோம். பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா, புல்லுமலை, கரடியனாறு, செங்கலடி. பாதை தெரிந்த பாதைதான். கிளம்பும்போது கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய பேப்பர் கட்டைக் கொண்டுவந்து, ஜக்கட்டுக்கு உள்ளே நெஞ்சோடு சேர்த்து வைக்கச் சொன்னார். மச்சான் சிரித்தான். பதுளைக்கு வருமுன்பே அவனும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். காற்றைத் தடுக்க அதைப்போல மலிவான சாமான் வேறு இல்லை.

கடற்கரை ஆட்களுக்கு ஒரு நினைப்பு, கீழே இறங்க இறங்கக் கூதல் விட்டுவிடும் என்று. ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஆறு பாகைக்கு மேல் சூடு கூடுவது உண்மைதான். ஆனால் பசறை தாண்டியதும் தூறல் பிடித்தது. நனைந்த ஜீன்சோடு காற்றில் போனால், எவ்வளவு இறங்கினாலும் கூதல் விடாது. கையுறைக்கு மேல் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டியும் விரல் மரத்துப்போய், கிளச்சைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லுணுகலையில் வண்டியை நிறுத்தி, இருவரும் ஆளுக்கொரு பக்கமாக எஞ்சினுக்குக் கிட்டக் கையை நீட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். நாய் ஒன்று வந்து நடுவில் படுத்துக்கொண்டது, அதுக்கும் கூதல்.

மகா ஓயாவில் ஒரு கடை திறந்திருந்தது. பிளேன்டீ குடிக்கும்போது மச்சான், இனி எல்லாம் நேர் றோடு, இழுத்தடித்தால் விறுக்கென்று வீட்டுக்குப் போகலாம் என்றான். கடைக்குள் இருந்த ஒரு லொறிக்காரர் அதைக் கேட்டுவிட்டார். சிங்கள ஆள், ஆனால் நல்லாத் தமிழ் பேசினார். "மல்லி (தம்பி), கூதல் என்று ஓடினால் அலியாவின் (யானையின்) காலுக்குள்தான் போய் நிற்பாய். நான் மரக்கறி ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறேன், பின்னால் வா. நான் பிரேக் பிடித்தால் லைட்டை டிம் பண்ணு, ஹோன் அடிக்காதே" என்றார்.

சரி என்று பின்னால் போனோம். புல்லுமலைக்கு இந்தப் பக்கம் லொறி மெல்ல நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முதலில் வந்தது மணம்தான். பழைய சாணமும் நசுங்கின பச்சைக் கொப்பும் கலந்த மணம். பிறகு லொறியின் லைட்டில் இரண்டு கால் தெரிந்தது, அதுக்கு மேலே வெறும் இருட்டு. மாடு என்றால் தூரத்திலேயே கண் மின்னும். இதுக்கு ஒன்றும் மின்னவில்லை. உடம்பெல்லாம் சேறு பூசி, றோட்டின் நிறத்திலேயே நின்றது. தனியன்.

நேரே லொறிக்குக் கிட்ட வந்து, படங்கின் ஓரத்தைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. அவசரமே இல்லை. கயிற்றின் முடிச்சு எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது. உள்ளே இருந்த கிளீனர் பொடியன் இரண்டு மூன்று கோவாவை (முட்டைக்கோஸ்) கரையில் உருட்டிவிட்டான். யானை அந்தப் பக்கம் திரும்ப, லொறி ஊர்ந்தது, நாங்கள் அதன் மற்றப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போனோம். கோவாவை மெல்லுகிற சத்தம் ஹெல்மட்டுக்குள்ளேயே கேட்டது. மச்சான் கரடியனாறு வரைக்கும் வாய் திறக்கவில்லை. கூதலையும் அவன் மறந்துவிட்டான் போல.

கிழக்கில் சண்டை ஓய்ந்த 2007க்கு முதல் இந்த றோட்டில் இரவுப் பயணம் என்ற பேச்சே எங்கள் வீடுகளில் இல்லை. இப்போது றோடு நல்ல றோடு, அதுதான் ஆபத்து என்றும் தோன்றுகிறது. வேகமாகப் போக விடுகிறது. கூதலும் சேர்ந்தால் கை தானாக முறுக்கும்.

அக்கரைப்பற்று வாசி:

நல்லா எழுதியிருக்கிறீங்க தம்பி. ஆனால் அந்தக் கோவா விசயம் எனக்குப் பிடிக்கவில்லை. புத்தல – கதிர்காமம் றோட்டில் யானை வாகனத்தை மறித்து நின்று தீன் கேட்பது இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான். இன்று லொறிக்குக் கோவா, நாளை கோவா இல்லாத பைக்காரனிடமும் வந்து கேட்கும்.

நானும் வாப்பாவும் மொனராகலையிலிருந்து வந்தபோது லாகுகலைக் குளத்தடியில் கூட்டமே றோட்டைக் கடந்தது, நடுவில் குட்டி. பொத்துவில் பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால். டிரைவர் லைட்டைக் குறைத்து, எஞ்சினை நிற்பாட்டாமல் சும்மா இருந்தார். நாங்களும் இருந்தோம். வாப்பா பின்னால் ஓதிக்கொண்டே இருந்தார், அவருடைய முழங்கால் என் இடுப்பில் ஆடிக்கொண்டே இருந்தது. பயமா கூதலா என்று இன்றைக்கும் கேட்டால் கூதல் என்றுதான் சொல்லுவார். கடைசி யானை இறங்கின பிறகும் பஸ் உடனே போகவில்லை. பின்தங்கினது ஒன்று வரும் என்று அந்த டிரைவருக்குத் தெரியும், அதே மாதிரி வந்தது.

ஓட்டமாவடி நானா:

எல்லாரும் யானையைச் சொல்லுறீங்க. பொலன்னறுவையால் வருகிறவனுக்கு எருமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னம்பிட்டிப் பாலம் தாண்டி, வெலிக்கந்தை, புணானை. மார்கழி, தையில் வயல்பக்கம் பனி இறங்கும், ஹெல்மட் கண்ணாடி உள்ளுக்குள் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். கண்ணாடியைத் தூக்கினால் கண்ணில் தண்ணி, இறக்கினால் குருடு. பகல் வெயிலைத் தார் பிடித்து வைத்திருக்கும், அந்தச் சூட்டுக்கு மாடும் எருமையும் நடு றோட்டில் படுத்துக் கிடக்கும். கறுப்பு றோட்டில் கறுப்பு எருமை. பழைய பாலத்தில் றெயில் பாதையும் வீதியும் ஒன்றாக இருந்த காலத்தில், ஈரத் தண்டவாளத்தில் டயர் வழுக்குமே என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன் நான். அந்தப் பயம் புதுப் பாலத்தோடு போய்விட்டது. எருமைப் பயம் போகவில்லை.

களுவாஞ்சிகுடி மருமகன்:

செங்கலடி அண்ணன், அடுத்த மாதம் பதுளையிலிருந்து மனைவியோடு இரவில் வர வேண்டியிருக்கிறது. மகா ஓயாவில் நீங்கள் நின்ற அந்தக் கடை எந்த நேரமும் திறந்திருக்குமா?

செங்கலடிப் பொடியன்:

நாங்கள் போன இரவு திறந்திருந்தது தம்பி, எல்லா இரவுக்கும் நான் பிணை நிற்க முடியாது. திறந்திருந்தால் கடைக்காரரிடமே கேளுங்கள், அடுத்த லொறி எத்தனை மணிக்கு என்று அவர் சொல்லுவார். ஒரு பிளேன்டீக்கு மேல் குடிக்க வேண்டி வரும், பரவாயில்லை. மனைவியோடு என்றால், முடிந்தால் பிபிலையில் தங்கிவிட்டு விடிந்த பிறகு வாருங்கள். அப்படி வந்தால் மகா ஓயா வெந்நீர் ஊற்றையும் பார்க்கலாம். கூதலில் அதுக்குக் கிட்டவே நின்றும் எங்களுக்கு அது உதவவில்லை. பேப்பர் கட்டை மறக்க வேண்டாம், இரண்டு பேருக்கும்.