ஆன்லைன் குழுவில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

காரைக்குடி டீச்சர்:
கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வரலாறு எடுக்கிறேன். பாதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், சாயங்காலம் ஒன்றாக உட்காரவைக்க வழியில்லை, அதனால் செட்டிநாட்டு வீடுகள் பற்றிய குழு வேலையை ஆன்லைனில் வைத்திருக்கிறேன். ஒருவர் கேள்வி கேட்டால் மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. நான் பதில் போட்டதும் வரிசையாக 'ஓகே மேடம்', 'சூப்பர் மேடம்', ஒரு கட்டைவிரல், அதோடு பேச்சு முடிந்தது. நடத்துகிறவர் எவ்வளவு தலையிடலாம்?

தேவகோட்டையான்:
மார்க் போடுங்கள் மேடம். ஆளுக்கு வாரம் மூன்று பதிவு கட்டாயம் என்றால் தானாக எழுதுவார்கள்.

பள்ளத்தூர் வாத்தியார்:
எழுதுவார்கள் சார், 'நானும் இதையேதான் நினைக்கிறேன்' என்று மூன்று தடவை எழுதுவார்கள்.
மேடம், நீங்கள் உடனே பதில் சொல்வதுதான் சிக்கல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிகூடச் சரியாகப் பொறுப்பதில்லை, மூன்று வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, பேசுகிறவர்களும் கூடுகிறார்கள் என்று கண்டார். ஆன்லைனில் அந்த மூன்று வினாடி என்பது ஒரு ராத்திரி. ஆனால் காணாமல் போய்விடவும் கூடாது, அப்புறம் குழுவே படுத்துவிடும். இடையில் செய்யவேண்டியது கோர்த்துவிடுவது. சுவர் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று ஒருத்தி கேட்கிறாள், ஒருவன் முட்டை வெள்ளைக்கரு என்கிறான், இன்னொருவன் சுண்ணாம்பை நன்றாக அரைத்து மழமழவென்று தேய்த்ததுதான் காரணம் என்கிறான் என்று வையுங்கள். எது சரி என்று சொல்லாதீர்கள். இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துப் போட்டு, 'அப்படியானால் எந்தப் பூச்சில் எது சேர்ந்தது? பழைய வீட்டு வேலை தெரிந்த கொத்தனார் யார் ஊரில் இருக்கிறார்?' என்று மட்டும் கேளுங்கள். அடுத்த பதில் உங்களுக்கு வராது, அவர்களுக்குள் போகும்.

ஆத்தங்குடிப் பெண்:
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் வேலையே தனியாகச் செய்து முடிக்கிற மாதிரி இருந்தால் எப்படிக் கோர்த்தாலும் ரெண்டு பேர்தான் செய்வார்கள். எலியட் அரோன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் அங்கே ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார், மற்றவன் துண்டு இல்லாமல் யாருக்கும் பாடம் முழுசாகாது. எங்கள் ஆத்தங்குடி டைல்ஸையே எடுங்களேன், கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதுதானே: அந்தக் கண்ணாடி ஒருத்திக்கு, கலர்க் கலவை ஒருவனுக்கு, மேலே கொட்டும் சிமெண்ட் மணல், தண்ணீரில் ஊறவைப்பது என்று மீதிப் பேருக்கு. 'பாலிஷ் போடாமலே எப்படி மினுங்குகிறது?' என்று கேட்டால் கண்ணாடிக்காரி பேசியே ஆகவேண்டும், கலர் முதலில் கண்ணாடிமேல்தானே விழுகிறது, அதன் வழவழப்புதானே டைல்ஸுக்கு வருகிறது.
இன்னொன்று, பேசாத பிள்ளையைக் குழுவில் பெயர் சொல்லி இழுக்காதீர்கள், தனியாக ஒரு வரி அனுப்புங்கள். நிறையப் பெண்களுக்கு அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் கைக்கு வரும், அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

காரைக்குடி டீச்சர்:
துண்டு போடுவதை அடுத்த வாரமே செய்கிறேன். தப்பான தகவல் வந்தாலும் சும்மா இருக்கவா?

பள்ளத்தூர் வாத்தியார்:
ஒருநாள் விடுங்கள், 'இது எங்கே கிடைத்தது?' என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களே பிடித்துவிடுவார்கள். யாராவது யாரையாவது கேலி செய்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காதீர்கள்.