புதுப்பிப்பு: வாவிச் சேற்றில் ஆம்பிபொட்கள் இறந்தது அமோனியாவால்

மட்டக்களப்பு வாவிக் கரையில் அள்ளிய சேற்றில் விட்ட ஆம்பிபொட்கள் (இறால் போன்ற சிறு நீருயிரிகள்) இரண்டே நாளில் ஏன் செத்துப்போகின்றன என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நான் சந்தேகித்தது ஈயத்தை. "சேற்றைக் குவளைகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவகை நஞ்சை மட்டும் கட்டிப்போடுங்கள்" என்ற ஆலோசனைதான் வழிகாட்டியது. உலோகங்களுக்கு அயனிப் பரிமாற்றப் பிசின், கரிம நஞ்சுகளுக்குச் சிரட்டைக்கரித் தூள், அமோனியாவுக்கு அதைப் பிடித்துவைக்கும் சியோலைட் என்ற கனிமம். முதல் இரண்டிலும் சாவு குறையவில்லை. (கரித்தூள் குவளையில் உயிரிகளைத் தேடி எண்ணுவதற்குள் கண் பூத்துப்போனது.)

எதிர்பாராதது, சியோலைட்டும் அரைகுறையாகவே உதவியது. உவர்நீரில் அமோனியா ஒட்டவேண்டிய இடங்களைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. பிறகு உல்வா என்ற பச்சைக் கடற்பாசியை மேல்நீரில் மிதக்கவிட்டேன். அது அமோனியாவை உறிஞ்ச, பெரும்பாலானவை பிழைத்தன. உல்வா சில உலோகங்களையும் எடுக்கும். ஆகவே பிசின் குவளையின் முடிவோடு சேர்த்தே பாருங்கள்: அங்கே உலோகங்களைக் கட்டியும் சாவு குறையவில்லை. நீரின் பிஎச் (கார அமில அளவு) ஏறினால் அமோனியாவின் நஞ்சு கூடும்; அது ஏறியபோது சாவு கூடியதும் பொருந்தியது. கடைசியாக, சுத்தமான சேற்றில் அதே அளவு அமோனியாவைச் சேர்த்தேன். அங்கும் செத்தன.